பதினொன்றாம் எண் கூண்டு

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் நாலே வரியில் ஒன்று கேட்டிருந்தேன்: கையில் போன் இருக்கிறது, சரி, விஷயம் வந்து சேர்கிறதா? தொண்டியிலிருந்து சாயல்குடிப் பக்கம் வரைக்கும் இராமநாதபுரம் கடற்கரை முழுக்கக் கடிதமாகவும் வாட்ஸ்அப் குரலாகவும் கொட்டிவிட்டீர்கள். அதனால் இந்த மாதம் சினிமா, ஜோசியம், முடி கொட்டுவது எதற்கும் பதில் கிடையாது. பெயர் வேண்டாம் என்று பலரும் சொன்னதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

அண்ணே, போன தீபாவளிக்கு அப்பாவுக்கு நல்ல போனாக வாங்கிக் கொடுத்தேன். காற்று, அலை, மீன் எங்கே நிற்கும் என்பது வரை காட்டுகிற செயலியையும் ஏற்றிக் கொடுத்தேன். அவர் இன்னமும் விடியக்காலம் டீக்கடையில் நின்று "காத்து எப்படிப்பா இருக்கு" என்று நாலு பேரைக் கேட்டுவிட்டுத்தான் வத்தைப் படகைத் தள்ளுகிறார். போனில் பேத்தி போட்டோ பார்ப்பதோடு சரி. இவரை என்ன செய்வது? (பாம்பன்)

ஒன்றும் செய்ய வேண்டாம் தம்பி. அந்தச் செயலியை ஒரு தடவை உங்கள் அப்பா இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். காற்று வடகிழக்கு, மணிக்கு இத்தனை கிலோமீட்டர், அலை மீட்டரில், மீன் நிற்கிற இடம் அட்சரேகை தீர்க்கரேகையில். அவர் கணக்கில் காற்றுக்குப் பெயர் வாடை, கொண்டல், கச்சான். ஆழத்துக்குப் பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்த நீளம். திசைக்குக் கோயில் கோபுரமும் பாலமும் தீவும். டீக்கடையில் நிற்கிற நாலு பேர் அவர் பேச்சில் பேசுகிறார்கள், அதிலும் ஒருத்தர் நேற்று ராத்திரி கடலில் கிடந்துவிட்டு வந்தவராக இருப்பார். நானாக இருந்தாலும் அவரைத்தான் முதலில் கேட்பேன்.

அதற்காகச் செயலி சொல்வது வெட்டி என்று ஆகாது. ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்று மத்திய அரசின் கடல் தகவல் மையம் ஒன்று இருக்கிறது, இதற்கெல்லாம் ஊற்று அதுதான். செயற்கைக்கோள் கடல் மேற்பரப்பின் சூட்டையும் பச்சையத்தையும் பார்க்கிறது. சூடான தண்ணீரும் குளிர்ந்த தண்ணீரும் முட்டுகிற இடத்தில் நுண்பாசி திரளும், அதைத் தின்கிற மீன் வரும், அதைத் தின்ன பெரிய மீன் வரும், அவ்வளவுதான் சூத்திரம். எந்த இறங்குதளத்திலிருந்து எந்தத் திசையில் எத்தனை கிலோமீட்டர், அங்கே ஆழம் என்ன என்று எழுதியே தருகிறார்கள். ஆனால் மேகம் மூடினால் செயற்கைக்கோளுக்குக் கண் தெரியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் தகவல் வராது, கடல் மோசமாக இருக்கிற நாளிலும் வராது. இதை அப்பாவிடம் யாராவது சொன்னீர்களா? மூன்று நாள் திறந்து பார்த்து ஒன்றுமே இல்லை என்றால் யாராக இருந்தாலும் மூடி வைத்துவிட்டு டீக்கடைக்குத்தான் போவார்கள்.

1998-இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. அதில் வீராம்பட்டினம் மீனவர் ஊர். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வருகிற அலை உயரக் கணிப்பை மையத்தில் இருப்பவர்கள் இறக்குவார்கள், தமிழில் சொல்வார்கள், கரையில் கட்டியிருக்கிற ஒலிபெருக்கியில் அது கேட்கும். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கையில் கம்ப்யூட்டர் கிடையாது, செல்போன் கிடையாது, பல பேருக்குப் படிப்பும் கிடையாது. ஆனாலும் எங்கேயோ இருக்கிற அமெரிக்காக்காரன் கணிப்பு அவர்கள் காதில் விழுந்தது. ஏனென்றால் நடுவில் ஓர் ஆள் இருந்தார். இப்போது எல்லார் கையிலும் போனைக் கொடுத்தோம், அந்த நடு ஆளைத் தூக்கிவிட்டோம். எனக்கு வந்திருக்கிற கடிதங்களில் முக்கால்வாசி இந்த ஒரே குறைதான், ஒவ்வொரு ஊரில் ஒவ்வொரு மாதிரி.

ஒரு கிளைக்கதை சொல்லிவிடுகிறேன். உங்கள் பாம்பன் துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் கூண்டு 1 முதல் 11 வரை உண்டு. பகலில் கூண்டு, ராத்திரி விளக்கு. ஒன்று என்றால் எங்கேயோ தூரத்தில் உருவாகியிருக்கிறது, எண் ஏற ஏற ஆபத்து பக்கத்தில். பத்து வரைக்கும் இப்படித்தான். பதினொன்றுக்கு மட்டும் அர்த்தம் வேறு: வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, நிலைமை மோசமாகும் என்று இங்கே இருக்கிற அதிகாரியே முடிவுசெய்து ஏற்றுகிறார் என்று பொருள். மிகப்பெரிய புயலுக்கும் மேலே, கடைசிப் படியில் வைத்திருப்பது சேதி வராமல் போவதை. இதை யோசித்தவன் கடலோரத்தில் கொஞ்ச நாள் குடியிருந்திருப்பான்.

2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல் அன்று கன்னியாகுமரிப் பக்கம் அதுதான் நடந்தது. எச்சரிக்கை கரையில், ஆட்கள் பல நாள் தங்கலுக்குப் போய் ஆழ்கடலில். செல்போன் கோபுரம் கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டருக்கு மேல் எட்டாது. அதற்குப் பிறகு 2019-இல் ஜெமினி என்று ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். செயற்கைக்கோளிலிருந்து எச்சரிக்கையை வாங்கி ப்ளூடூத் வழியாகப் போனுக்குத் தரும். அதில் கேட்கத்தான் முடியும், திருப்பிப் பேச முடியாது.

உங்கள் ஊரில் 2016 முதல் கடல் ஓசை 90.4 இருக்கிறது, கடலோர மக்களுக்காகவே நடக்கிற சமுதாய வானொலி. அப்பாவுக்கு அதைப் பிடித்துக் கொடுங்கள். அப்புறம் நீங்களே நடு ஆளாக ஆகிவிடுங்கள். படுக்கும் முன் செயலியைப் பார்த்து, "அப்பா, விடிஞ்சா வாடை கூடும், அலை ஓர் ஆள் உசரம் வரும்கிறாங்க, மதியத்துக்குள்ள திரும்பிருங்க" என்று இருபது விநாடி குரலில் பேசி அனுப்புங்கள். டீக்கடை நாலு பேருக்கும் அவரே கொண்டுபோய்ச் சேர்ப்பார்.

நான் தீவுப் பக்கம் போய்ப் பாசி எடுக்கிறவ. ரேஷன் கடை மிஷின்ல என் ரேகை விழ மாட்டேங்குது. நாலு தடவை அலைய விட்டாங்க. பேங்குல கேட்டா ஓ.டி.பி. வரும்கிறாங்க, அது எங்க வீட்டுக்காரர் போனுக்குப் போகுது, அவர் போனோட கடலுக்குப் போயிடுறார். நான் என்ன பண்ண? (மண்டபம் பக்கம், பேசி அனுப்பியது)

அக்கா, உங்கள் குரலை மூன்று தடவை கேட்டேன். டவர் இல்லாத கடலில் ஒரு போன், அந்தப் போனுக்கு இங்கே பேங்கிலிருந்து ஓ.டி.பி., அதற்குப் பத்து நிமிஷம் கெடு. இதைத் திட்டம் போட்டவர்கள் யாரும் கடலுக்குப் போகிற வீட்டில் ஒரு நாள் இருந்து பார்த்ததில்லை என்பது தெரிகிறது.

ரேகை விஷயம் முதலில். விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையிலும் செத்த பவளத்திலும் பாசியைப் பறிக்கிற கை, நாள் முழுக்க உப்புத்தண்ணீரில் ஊறுகிற கை. கோடு தேயத்தான் செய்யும். கடலிலிருந்து ஏறின அன்றைக்கே போகாதீர்கள், ஒன்றிரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு, நல்ல தண்ணீரில் கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் போங்கள். பெருவிரலையே வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம், ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருக்கிறது, மோதிர விரலையும் இடது கையையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் விழவில்லையா, கருவிழி மிஷினைக் கேளுங்கள், ரேஷன் கடைகளுக்கு அது வந்திருக்கிறது. ரேகை விழவில்லை என்பதற்காகப் பொருள் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்று ஆதார் ஆணையமே 2017 அக்டோபரில் சுற்றறிக்கை போட்டிருக்கிறது. இதைச் சத்தம் போடாமல், ஆனால் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொல்லுங்கள். என் அம்மாவுக்கும் இதே கதை, பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த கை. ஓர் அலுவலகத்தில் "உங்க விரலை மாத்திக்கிட்டு வாங்க" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அம்மா அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்லை, இரண்டு வருஷம் கழித்துத்தான் எங்களுக்கே தெரியும்.

ஓ.டி.பி.க்கு ஒரே வழி, உங்கள் பெயரில் ஒரு நம்பர். விலை குறைந்த பட்டன் போன் போதும், அது வீட்டிலேயே இருக்கட்டும். பேங்கில் எழுதிக் கொடுத்து நம்பரை மாற்றுங்கள், ஆதாரில் மாற்றுவதற்குத் தபால்காரரே கருவியோடு வீட்டுக்கு வருவார், தபால் நிலையத்தில் சொல்லி வையுங்கள், சின்னக் கட்டணம்தான். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வருகிற கணக்குக்கு எந்த நம்பர் கொடுத்திருக்கிறது என்பதையும் அவர் கரையில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

சார், எனக்குப் பார்வை கிடையாது. கல்லூரியில் படிக்கிறேன், போனும் கம்ப்யூட்டரும் குரல் வழியாகப் பயன்படுத்துகிறேன். ஆங்கிலத்தில் எதையும் கேட்க முடிகிறது. தமிழில் அறிவிப்பு என்று ஒரு கோப்பைத் திறந்தால் "எம், கே, அரைப்புள்ளி, கே, எச்" என்று படிக்கிறது. உங்கள் பத்திரிகை இணையப் பக்கம் அதைவிட மோசம், ஒன்றுமே படிப்பதில்லை. (தேவிபட்டினம்)

தங்கச்சி, அந்த "எம், கே, அரைப்புள்ளி, கே, எச்" என்ன தெரியுமா? அம்மா.

நிஜமாகவே. பாமினி என்ற பழைய எழுத்துருவில் "அம்மா" என்று அடித்தால், உள்ளே கம்ப்யூட்டர் சேமித்து வைப்பது அந்த ஆங்கில எழுத்துகளைத்தான். மேலே தமிழ் முகமூடி மாட்டியிருக்கும், பார்க்கிறவர்களுக்கு அம்மா தெரியும், கேட்கிறவர்களுக்கு முகமூடிக்குப் பின்னால் இருப்பது கேட்கும். 2000-ஆம் ஆண்டுகளில் இராமநாதபுரத்தில் நான் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தபோது நானும் இப்படித்தான் நூற்றுக்கணக்கில் மனு அடித்துக் கொடுத்திருக்கிறேன், என் பாவமும் அதில் சேரும். யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கும் கால், கொம்பு, புள்ளி மாதிரிக் குறிகளுக்கும் அதற்கென்றே எண்கள் உண்டு, எந்த மிஷினிலும் அ என்றால் அ-தான். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் அலுவலகத்தில் அடிப்பவர் இருபது வருஷமாகப் பழகின விசைப்பலகையை விட மாட்டார், அல்லது யூனிகோடில் அடித்ததையே காகிதத்தில் எடுத்து, சீல் வைத்து, கையெழுத்துப் போட்டு, அதை ஸ்கேன் செய்து ஏற்றுவார். கடைசியில் அது ஒரு படம். ஊராட்சி அறிவிப்பைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் அப்படியே. படத்தில் குரலுக்குப் படிக்க ஒன்றும் இல்லை. உங்களுக்கு மட்டும் இல்லை, படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்குப் போன் படித்துக் காட்டலாம் என்றாலும் இதே சுவர்தான்.

என்ன செய்யலாம்? கம்ப்யூட்டரில் திரையைப் படித்துக் காட்டுகிற என்.வி.டி.ஏ. மென்பொருள் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், இல்லையென்றால் இலவசம்தான், 2006-இல் பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் ஒருவர் தனக்காகத் தொடங்கி, இன்னொரு நண்பரும் சேர்ந்து வளர்த்தது, தமிழும் பேசும். படமாக வந்ததைப் போனில் கூகுள் லென்ஸ் வழியாகப் போட்டால் அச்செழுத்தை ஓரளவு ஒழுங்காகப் பிரித்தெடுக்கும், கையெழுத்து என்றால் தடுமாறும். பாமினியில் வந்ததை யூனிகோடாக மாற்றுகிற கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் இதெல்லாம் நீங்கள் செய்ய வேண்டிய வேலையே இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, தகவல் எல்லாருக்கும் அணுகக்கூடிய வடிவில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

எங்கள் பத்திரிகை விஷயம். நீங்கள் சொன்னது சரி, பக்கங்களை அப்படியே படமாக ஏற்றுகிறோம். ஆசிரியரிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். "அழகா இருக்கும்னுதான்யா" என்றார். யாருக்கு என்று கேட்டேன். இந்தப் பகுதி மட்டுமாவது இந்த இதழிலிருந்து எழுத்தாகவும் போகும், நான் வாசித்த குரலாகவும் போகும். தொண்டை கட்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரிலும் கடல் ஓசை மாதிரி ஒரு வானொலி தொடங்க இளைஞர்கள் நாலு பேர் தயார். லைசென்ஸ் எப்படி? (மோர்ப்பண்ணை)

தனி ஆளுக்குத் தர மாட்டார்கள், கட்சிக்கும் தர மாட்டார்கள். 2006 முதல் தொண்டு நிறுவனங்களும் கேட்கலாம், அதற்கு முன் கல்வி நிலையங்களுக்கு மட்டும்தான் இருந்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004-இல் வந்ததுதான் நாட்டிலேயே முதல் வளாக வானொலி. பதிவு செய்த அமைப்பு ஒன்று, சில வருஷம் உள்ளூரில் வேலை செய்த கணக்கு, தில்லியில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு விண்ணப்பம். அனுமதி கிடைத்தாலும் சின்ன டிரான்ஸ்மிட்டர்தான், சுற்றுவட்டாரம் 10 கிலோமீட்டருக்குள் கேட்கும். நிகழ்ச்சியில் பாதியாவது உள்ளூர் ஜனங்கள் சேர்ந்து செய்ததாக இருக்க வேண்டும், செய்தி என்றால் ஆகாசவாணி செய்தியை அப்படியே போடலாம், சொந்தமாக வாசிக்க முடியாது.

லைசென்ஸ் வருவதற்குள் நாலு பேரில் ஒருவருக்குக் கல்யாணம் ஆகிவிடும், ஒருவர் துபாய் போய்விடுவார். அதனால் வானொலியை வைத்து ஆரம்பிக்காதீர்கள். தினமும் ஒரே நேரத்தில், ஐந்து நிமிஷத்துக்கு மிகாமல், ஒரு குரல் பதிவு: நாளைக்குக் காற்று, ஏலக்கூடத்தில் இன்றைய விலை, மின்தடை, யார் வீட்டில் என்ன விசேஷம். வாட்ஸ்அப்பில் போகட்டும், அதையே சாயங்காலம் கோயிலிலோ பள்ளிவாசலிலோ மாதா கோயிலிலோ இருக்கிற குழாய் ஒலிபெருக்கியில் போடக் கேட்டுப் பாருங்கள். ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் செய்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். முக்கியமாக, பேசுகிறவர்களில் ஒரு பொம்பளையாவது இருக்கட்டும். நாலு இளைஞர்கள் என்று எழுதினீர்கள், நாலும் ஆண்கள்தான் என்று கையெழுத்தைப் பார்த்தே தெரிகிறது.

செயலி செயலி என்கிறீர்கள். என்னிடம் இருப்பது பட்டன் போன். எனக்கு வயது எழுபது. (ஏர்வாடி, பேரன் கையெழுத்தில்)

ஐயா, உங்கள் போனில் வானொலி இருக்கும், எஃப்.எம். என்று ஒரு பொத்தான். பல போன்களில் ஹெட்போன் ஒயரைச் செருகினால்தான் எடுக்கும், அந்த ஒயர்தான் ஏரியல், அதனால் பாட்டுக் கேட்காத பழுதான ஹெட்போன் ஆனாலும் போதும். ஸ்பீக்கரில் மாற்றிக்கொள்ளலாம். பணம் இல்லை, நெட் இல்லை. பேரனுடைய விலை கூடின போனில் இது இருக்காது, வேண்டுமானால் பந்தயம் கட்டுங்கள். கம்பெனிகள் பல போன்களில் எஃப்.எம்.மை எடுத்துவிட்டன, திருப்பி வையுங்கள் என்று 2023-இல் மத்திய அரசு கேட்டுக்கொள்கிற அளவுக்கு ஆகிவிட்டது. புயல் வந்து கரண்டும் டவரும் போனால் பேரன் உங்களிடம்தான் வந்து நிற்க வேண்டும்.

இரண்டு எண்களை மட்டும் பேரனை விட்டு ஏற்றி வையுங்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை 1554. கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீஸ் 1093.

நெட்டில் பணம் போனால் என்ன எண்? சுனாமி வருது என்று யாரோ அழுகிற குரல் குழுவில் வந்து, உம்மா பயந்து படுத்துவிட்டார். இதை எப்படிக் கண்டுபிடிப்பது? (கீழக்கரை)

பணம் போனால் 1930, உடனே, அன்றைக்கே. நாளைக்கு என்று வைத்தால் பணம் நாலு கணக்கு தாண்டிவிடும்.

குரல் விஷயம்: லாத்தா, எழுத்தைவிடக் குரலை ஜனங்கள் நம்புவார்கள், நான் இந்தப் பக்கம் முழுக்கக் குரல் குரல் என்று சொன்னதற்கு இது மறுபக்கம். உண்மையான எச்சரிக்கையில் யார் சொல்கிறார்கள், எந்தத் தேதி, எந்த ஊர் என்பது இருக்கும். அழுகை மட்டும் இருந்து தேதி இல்லை என்றால் அனுப்பாதீர்கள். சுனாமி எச்சரிக்கை தருவதும் நான் மேலே சொன்ன அதே இன்காய்ஸ்தான். குழுவில் நன்கு தெரிந்த ஒரு ஆள் "இது பொய், நான் விசாரித்தேன்" என்று தன் சொந்தக் குரலில் போட்டால் உம்மா எழுந்து உட்காருவார்.

தனுஷ்கோடி போனால் இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று போனில் செய்தி வருகிறதே, காசு பிடிப்பார்களா? (இராமேசுவரம்)

ரோமிங்கை அணைத்துவிட்டுப் போங்கள், பிடிக்க மாட்டார்கள். நம் கரையில் அந்தக் காலத்தில் இலங்கை வானொலி காசில்லாமல் கணீரென்று கேட்டது, இப்போது அவர்கள் டவர் கேட்கிறது.

கடல் தண்ணீரில் விழுந்த போனை அரிசியில் போட்டு வைக்கலாமா? (முக்கையூர்)

வேண்டாம். உடனே அணைத்து, சிம்மை எடுத்து, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்து, நிழலில் காற்றாட வையுங்கள், சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள். அரிசி தூசும் உமியும் ஓட்டைக்குள் போவதுதான் மிச்சம். அதில் கஞ்சி வையுங்கள்.